தோல் இல்லாத மது

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையில் கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று பனைமரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு இரு புறமும் பனையேறியின் கருவிகளான முருக்குத்தடியும் கடிப்பும் ஒன்றுதான். பாளையைச் சீவும் விதமும் ஒன்றுதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் சாற்றுக்கு இங்கும் அங்கும் அக்கானி என்றே பெயர். ஆனால் அதே பாளையின் அதே சாறு சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறங்கினால் ஒரு புறம் உரிமம் பெற்ற கடையில் விற்கும் சரக்கு, மறுபுறம் 1987 முதல் தடை செய்யப்பட்ட பொருள். இரண்டு மாநிலங்களின் சட்டம் பிரிவது இருக்கட்டும். கலயத்துக்குள் இந்தச் சாற்றை இரண்டாகப் பிரிப்பது விரலில் எடுத்துத் தடவிய கொஞ்சம் சுண்ணாம்பு. அது நுண்ணுயிர்களின் மீது போடப்பட்ட முழுத் தடை. இந்த அத்தியாயம் பேசப்போவது அதைவிட நுட்பமான இன்னொரு வழியைப் பற்றி. எல்லோரையும் தடுக்காமல் சிலரை மட்டும் தடுத்து, மற்றவர்களுக்கு வழிவிடும் தாவரப் பொருள்களைப் பற்றி.

முதலில் கலயத்துக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறத்தாழ நடுநிலையானது. அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு வரை சர்க்கரை, பெரும்பகுதி சுக்ரோஸ். கொஞ்சம் அமினோ அமிலங்கள், தாது உப்புகள், வைட்டமின்கள். நுண்ணுயிருக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. காற்று, பூச்சி, பாளையின் வெட்டுவாய், நேற்றைய கலயத்தின் உட்சுவர் என்று எல்லா வழியாகவும் அவை வந்து சேர்கின்றன. முதலில் ஓடி முந்துபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றில் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் சுக்ரோஸைப் பிளந்து, அதில் ஒரு பகுதியை டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பான சங்கிலியாகக் கோக்கிறது. சர்க்கரை ஆலைகளின் பழைய எதிரியான இந்தப் பாக்டீரியாவை 1878இல் வான் டீகம் என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். பனைச்சாறு சில சமயம் நூல்போல் இழுபடுவதற்கு அந்த டெக்ஸ்ட்ரானே காரணம். லாக்டிக் அமிலம் சேரச் சேரச் சாற்றின் பிஎச் அளவு ஏழிலிருந்து நான்கை நோக்கி இறங்கும். அந்தப் புளிப்பில் ஈஸ்ட் தலையெடுத்து ஆல்கஹாலைக் கூட்டும். அதன் பிறகு காற்றுப்பட்ட மேற்பரப்பில் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் வந்து அந்த ஆல்கஹாலைக் காடியாக்கும். மலையாளத்தில் இளங்கள்ளு, மூத்தகள்ளு என்று சொல்வது இந்த ஊர்வலத்தின் வெவ்வேறு கட்டங்களைத்தான். காலையில் இனித்தது மாலையில் ஏறும், மறுநாள் நாக்கைக் கூசச் செய்யும். திராட்சை மது பல ஆண்டு கிடக்கிறது. கள் ஏன் இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை?

வழக்கமான பதில், திராட்சைச் சாறு பிறக்கும்போதே புளிப்பானது, பிஎச் மூன்றரைக்கு அருகில் இருப்பது, அதில் ஆல்கஹாலும் இரட்டிப்பு என்பது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. திராட்சை நசுக்கப்படும்போது சாறு மட்டும் வருவதில்லை. தோலும் விதையும் கூடவே வருகின்றன. சிவப்பு மதுவில் அவை நாள்கணக்கில் ஊறுகின்றன. தோலின் நிறமிகள், விதையின் டானின்கள், கேலிக் அமிலம், ஃபெருலிக், கூமாரிக் அமிலங்கள் என்று பீனால் வகைச் சேர்மங்களின் ஒரு படையே மதுவில் இறங்குகிறது. சிவப்பு மதுவில் இவை லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை இருக்கும். தோலை நீக்கிச் செய்யும் வெள்ளை மதுவில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பனைச்சாறோ இலையில் தயாரான சர்க்கரையைப் பாளைக்குக் கொண்டுபோகும் குழாயிலிருந்து நேராக வடிவது. மரம் தன் பூவுக்கு ஊட்டும் உணவு அது. அதில் துவர்ப்பைக் கலந்து கொடுக்க மரத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. துவர்ப்பெல்லாம் பட்டையிலும் பச்சைக் காயிலும் தோலிலும், அதாவது கடிக்க வருபவர்களின் வாய் முதலில் படும் இடங்களில் இருக்கிறது. ஆகவே கள் என்பது தோல் இல்லாத மது. கள் இறக்கும் பல நாட்டு மக்களும் அந்தத் தோலை வேறொரு மரத்திலிருந்து உரித்துக் கொண்டுவந்தார்கள் என்பதே என் வாதம்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. வெள்வேல மரத்துக்குச் சாராய மரம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதன் பட்டையைப் பனைச்சாற்றிலும் வெல்லக் கரைசலிலும் ஊறப்போட்டு நொதிக்கவைத்துக் காய்ச்சியதே பட்டைச் சாராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரங்களின் பயன்களைத் தொகுத்த ஆங்கிலேயர்களும் இதைக் குறித்துவைத்தார்கள். இலங்கையின் ஈர வனங்களில் வளரும், சிங்களத்தில் ஹல் எனப்படும் மரத்தின் பட்டைத் துண்டைத் தென்னை, கித்துல் பனைச் சாறு இறங்கும் முட்டியில் போடும் வழக்கம் உண்டு. சாறு சீக்கிரம் புளிக்காது. ஹல் மரத்தின் உடன்பிறப்பு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிறது. தமிழில் வெள்ளைக் குங்கிலியம், மலையாளத்தில் வெள்ளப்பைன். அதன் பட்டைக்கும் கள் புளிப்பதைத் தள்ளிப்போடும் பெயர் உண்டு. சுமத்ராவின் படாக் மக்கள் தங்கள் கள்ளில் ராரு என்ற பட்டையைப் போடுகிறார்கள். அந்தப் பெயரில் வழங்கும் மரங்களில் முக்கியமானவை வெள்ளைக் குங்கிலியத்தின் குடும்பத்தையே சேர்ந்தவை. பிலிப்பைன்ஸின் விசயாத் தீவுகளில் அலையாத்திக் காட்டு மரமொன்றின் பட்டையை இடித்துத் தென்னங்கள்ளில் கலக்கிறார்கள். கள் செங்கல் நிறமாகும். மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கும் அளவுக்கு நிற்கும். நைஜீரியாவில் சக்கோக்ளோட்டிஸ் என்ற மரத்தின் பட்டை. இந்தப் பட்டைச் சாறு கள்ளின் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்பதை இபாதான் பல்கலைக்கழகத்தின் ஃபபருசியும் பாசிரும் ஆராய்ந்து 1972இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இத்தனை நாடுகளில் இத்தனை பட்டைகள். வெறும் துவர்ப்பு ருசிக்காகவோ நிறத்துக்காகவோ போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை வேதியியல் கொஞ்சம் கடினமாக்குகிறது. 1980களில் இலங்கை வேதியியலாளர்கள் ஹல் உள்ளிட்ட உள்நாட்டு மரங்களின் பட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது ரெஸ்வெராட்ரால் என்ற சேர்மத்தின் மூன்று அலகுகள் இணைந்த பெரிய மூலக்கூறுகள் கிடைத்தன. சிவப்பு மது நல்லதா கெட்டதா என்ற பத்திரிகைச் சண்டைகளில் அடிபடும் அதே ரெஸ்வெராட்ரால்தான். திராட்சைக்கொடி பூஞ்சைத் தொற்றுக்கு எதிராக ரெஸ்வெராட்ராலைச் சுரந்து, அதை இரண்டிரண்டாக இணைத்து வினிஃபெரின் என்ற சேர்மத்தையும் ஆக்குகிறது. அந்தப் பெயரே திராட்சையின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. வெள்ளைக் குங்கிலியத்தின் பட்டையிலும் வினிஃபெரின் இருக்கிறது. திராட்சைக்கும் குங்கிலியத்துக்கும் தாவர உலகில் நெருங்கிய உறவு கிடையாது. அதே குங்கிலியத்தில் பெர்ஜெனின் என்ற கேலிக் அமில வழிப் பொருளும் உண்டு. நைஜீரியப் பட்டையிலிருந்தும் பெர்ஜெனின் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று அறியாத மக்கள் கையில் ஒரே வகைச் சேர்மங்கள் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டில் துவர்க்கும் பட்டைகள் ஏராளம். கைக்குக் கிடைத்ததை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்திருப்பார்கள். நாக்கு தேர்ந்தது என்பது என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. துவர்ப்பு என்பதே டானின் நம் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துத் திரளச் செய்யும் உணர்வு. புரதத்தைப் பிடிக்கும் அந்தக் குணம்தான் கலயத்திலும் வேலை செய்கிறது. நாக்கு அறியாமலேயே சரியான சோதனையைச் செய்திருக்கிறது.

பீனால்கள் பாக்டீரியாவை எப்படித் தாக்குகின்றன? பல வழிகளில். சிறிய மூலக்கூறுகள் செல்லின் சவ்வுக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. பெரிய டானின்கள் வெளியிலேயே நின்று செல்லின் மேற்பரப்பையும் அது சுரக்கும் நொதிப்புரதங்களையும் ஒட்டிப்பிடிக்கின்றன. இரும்பு போன்ற தாதுக்களையும் தம்மோடு கட்டிக்கொள்கின்றன. ஃபெருலிக், கூமாரிக் போன்ற அமிலங்களின் கதை இன்னும் சுவையானது. அவை மின்னேற்றம் இல்லாத நிலையில்தான் சவ்வைக் கடக்கும். புதுச்சாற்றின் நடுநிலையில் அவை ஏறத்தாழ முழுவதும் மின்னேற்றத்தோடு வெளியே நிற்கும்; சாறு புளித்து பிஎச் நான்குக்கு வந்தால் நான்கில் மூன்று பங்கு ஏற்றத்தை இழந்து உள்ளே போகத் தயாராகிவிடும். பாக்டீரியா தான் சுரந்த அமிலத்தாலேயே தன் எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஈஸ்ட் இதிலெல்லாம் பாதிக்கப்படாது என்றில்லை. ஆனால் அது உருவில் பெரியது; சுற்றிலும் தடித்த சர்க்கரைச் சங்கிலிச் சுவர். டானினின் பெரும்பகுதி அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு அடியில் மண்டியாகப் படிகிறது. ஒரே பட்டை ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்குச் சலுகை. பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் கசப்பும் இப்படித்தான். அது லாக்டிக் பாக்டீரியாவின் சவ்வுக்கு இரு புறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டைக் கலைத்து அதன் ஆற்றலைப் பறிக்கிறது. ஈஸ்டை வேலை செய்ய விடுகிறது. சுண்ணாம்பு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வதில்லை. அது காரத்தால் பாக்டீரியாவையும் ஈஸ்டையும் சேர்த்தே முடக்குகிறது. ஆகவேதான் சுண்ணாம்புக் கலயத்தில் அக்கானி கிடைக்கிறது, பட்டைக் கலயத்தில் கள் கிடைக்கிறது.

இதற்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. வெள்வேலம்பட்டையைப் பற்றி எழுதிய அந்நாளைய ஆசிரியர்கள், டானின் சாற்றிலுள்ள புரதப் பொருளைத் திரளவைத்து அடியில் தள்ளுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். நுண்ணுயிரைக் கொல்வது என்ற பேச்சே அதில் இல்லை. நான் இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கலாம். ஆனால் புரதத்தையும் தாதுவையும் சாற்றிலிருந்து நீக்கினால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் யார்? லாக்டிக் பாக்டீரியாக்கள் சமைக்கத் தெரியாத விருந்தாளிகள். பெரும்பாலான அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் வெளியிலிருந்து தயாராகப் பெற வேண்டியவை. ஈஸ்ட் அம்மோனியம் உப்பு கிடைத்தாலே தனக்கு வேண்டிய பலவற்றைத் தானே செய்துகொள்ளும். ஆக, டானின் எவரையும் நேராகத் தொடாமல் சோற்றை மட்டும் குறைத்தாலும் ஈஸ்டின் பக்கமே தராசு சாயும். மறுப்பு என் முடிவுக்கே வேறு வழியாக வந்து சேர்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அது திராட்சை மதுவிலிருந்தே வருகிறது. சிவப்பு மதுவில் ஈஸ்ட் ஓய்ந்த பிறகு ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா வேலைக்கு வருகிறது. 1967இல் லியூகோனோஸ்டாக் இனமாக விவரிக்கப்பட்டு 1995இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்ட இது, மதுவிலுள்ள கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. மது செய்பவர்கள் இதைக் காத்திருந்து வரவேற்பார்கள். லிட்டருக்குக் கிராம் கணக்கில் பீனால் உள்ள சிவப்பு மதுவில் ஒரு லாக்டிக் பாக்டீரியா செழிப்பாக வாழ்கிறது என்றால் பீனால்கள் பாக்டீரியாவைத் தடுக்கின்றன என்ற பேச்சு என்ன ஆவது? பிரான்சில் 1990களில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போய், கேலிக் அமிலமும் திராட்சையின் நிறமிகளும் இந்தப் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தூண்டுவதையே கண்டன. விதை டானின்களும் கூமாரிக் வகை அமிலங்களும் அளவு கூடும்போது தடுத்தன. இன்னொரு பாக்டீரியா, லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம், டானினை வெட்டும் நொதியையே வைத்திருக்கிறது. நம் மாவடுவிலும் நெல்லிக்காய் ஊறுகாயிலும் புளித்த கள்ளிலும் அது தங்குதடையின்றி வாழ்வது அதனால்தான்.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அதனால்தான் பட்டையைக் கிருமிநாசினி என்று சொல்லாமல் தேர்வாளி என்கிறேன். எந்தப் பீனால், எவ்வளவு, எந்தப் புளிப்பில், யாருக்கு எதிராக என்ற நான்கும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஈனோகாக்கஸ் சிவப்பு மதுவில் வாழ்வது, பல்லாயிரம் ஆண்டு திராட்சைத் தோலோடு பழகிய ஒரு பாக்டீரியா மற்றவர்கள் நுழைய முடியாத இடத்தில் குடியேறியதையே காட்டுகிறது. கள்ளின் முதல் மணி நேரங்களில் பெருகும் பாக்டீரியாக்கள் அப்படித் தேர்ந்தவை அல்ல. அவை துவர்ப்பே இல்லாத இனிப்பில் வேகத்தால் வெல்பவை. அவற்றின் நடுவே திடீரென்று ஒரு துண்டுப் பட்டை விழுவது வேறு கதை. அங்கேயும் நாளடைவில் பிளான்டாரம் போன்றவை மேலெழும் என்று எதிர்பார்க்கலாம். பட்டைக்கள்ளும் கடைசியில் புளிக்கத்தான் செய்கிறது. பட்டை வாங்கித் தருவது அவகாசம்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போவது நேர்மையாகாது. கள்ளில் ஆல்கஹாலைச் செய்வது ஈஸ்ட் மட்டும் அல்ல. சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவும் சர்க்கரையை நேராக ஆல்கஹாலாக்குகிறது. மெக்ஸிகோவின் கற்றாழைக் கள்ளான புல்கேயில் இதை 1920களில் லிண்ட்னர் கண்டார். பனங்கள்ளிலும் இது உண்டு. அதற்கு வெளிச்சவ்வு என்று கூடுதல் உறை இருப்பதால் பல பீனால்கள் அதை எளிதில் அணுகுவதில்லை. ஆக, பாக்டீரியா கெட்டது, ஈஸ்ட் நல்லது என்று பிரித்தால் கள்ளைப் புரிந்துகொள்ள முடியாது. கலயத்தின் உட்சுவரில் காய்ந்திருக்கும் நேற்றைய மண்டியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கழுவாத கலயத்தில் இறங்கும் சாறு முதல் சொட்டிலேயே கோடிக்கணக்கான செல்களைச் சந்திக்கிறது. அங்கே ஒரு பட்டைத் துண்டு எவ்வளவு போராட முடியும்? தண்ணீர் போன்ற புதுச்சாற்றில் பட்டை மெதுவாகவே இறங்கும். ஆல்கஹால் ஏறிய பிறகுதான் வேகமாகக் கரையும், மதுவில் விதை டானின் கடைசியில் இறங்குவது போல. முதல் ஓட்டத்தைத் தடுக்க அது பிந்திவிடுகிறது. காடியாவதற்கு முந்தைய கட்டத்திலேயே பட்டையின் பலம் அதிகம் தெரியும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இன்று இந்தப் பழைய வழியைத் திராட்சை மது உலகம் வேறு கதவு வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அங்கே சுண்ணாம்பின் இடத்தில் இருப்பது கந்தக டைஆக்ஸைடு. ஐரோப்பிய ஒன்றியம் இனிப்பில்லாத சிவப்பு மதுவில் அதை லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் நிறுத்தியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒவ்வாது. அதைக் குறைக்க வழி தேடிய மாட்ரிட் ஆய்வாளர்கள் பல தாவரச் சாறுகளைச் சோதித்தபோது தைலமர இலையின் பீனால் சாறு மதுவின் லாக்டிக் பாக்டீரியாக்களை நன்றாகவே அடக்கியது. நெய்யாற்றின்கரைத் தோட்டங்களில் ரப்பருக்கு நடுவே எவரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கும் அதே மரம். அதன் மணம் மதுவில் ஏறாமல் பார்ப்பது தனித் தலைவலி.

அப்படியானால் பாறசாலைப் பனையேறி ஏன் பட்டையைத் தேடாமல் சுண்ணாம்பை நம்பினார்? நெய்யாறு பிறக்கும் மலையில் வெள்ளப்பைன் வளர்கிறது. ஒரு பகல் நடைக்குள் கிடைத்திருக்கும். காரணம் பண்டத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பனையின் முதன்மை விளைபொருள் கருப்பட்டி. பனையேறியின் குடிசையான விடிலியில் காய்ச்சும் அக்கானியில் கொஞ்சம் நொதித்தலும் ஆகாது. அமிலமும் ஈஸ்டின் நொதியும் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிட்டால் பாகு எவ்வளவு காய்ந்தாலும் சிரட்டையில் இறுகாது, கட்டி ஈரம் இழுத்துக் கசியும். ஈஸ்டுக்குச் சலுகை தரும் பட்டையால் அவருக்குப் பயனில்லை. எல்லோரையும் நிறுத்தும் காரமே வேண்டும். யாழ்ப்பாணத்தில் கருப்பணி எனப்படும் அக்கானிக்கும் அதே சுண்ணாம்புதான். கள்ளுக்கோ கடை பக்கத்திலேயே இருந்தது. காலையில் இறக்கியது அந்திக்குள் தீர்ந்துவிடும். இரண்டு நாள் தாங்கவைக்கும் வித்தைக்கு அங்கே வேலை இல்லை. பட்டைப் பழக்கம் வேரூன்றிய இடங்கள் சாறு கொஞ்சம் காத்திருக்க வேண்டியவை: அடிக்கடி இறக்க முடியாத காட்டுக் கித்துல், தொலைவுச் சந்தை, மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கும் விசயாத் தீவுகள், காய்ச்சும்வரை ஊறலைக் காக்க வேண்டிய சாராயக்காரர்.

எல்லைக்கு மேற்கே கள்ளுக்கு இன்னொரு பயனும் உண்டு, அது குடிப்பதற்கல்ல. அரைத்த பச்சரிசி மாவில் ஒரு குவளை கள்ளை ஊற்றி இரவு முழுதும் வைத்தால் காலையில் அப்பத்துக்கு மாவு பொங்கியிருக்கும். பொங்கவைப்பது ஈஸ்டின் வாயு; ருசியைத் தருவது, மது செய்பவர்கள் விரட்டப் பார்க்கும் லாக்டிக் பாக்டீரியாவின் இளம்புளிப்பு. பட்டை போட்டு அடக்கிய கள்ளை ஊற்றினால் மாவு உப்பும், புளிப்பு குறையும் என்றே மேலே சொன்ன கணக்கு காட்டுகிறது. அப்பம் சுடுபவருக்கு வேண்டியது எதுவும் போடாத, தோல் இல்லாத கள்தான்.